ஐந்து ரோடு பயிற்சி மையத்தின் பாமினி நோட்ஸ்: வாங்கலாமா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பயிற்சி மையம் விற்கும் இடைக்கால வரலாறு ஸ்பைரல் நோட்ஸில், தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தான்கள் பகுதிக்காகவே காசு கொடுக்கலாம். பாமினி அரசை நிறுவிய ஹசன் ஆட்சியைப் பிடித்த வரிசை பிசகாமல் இருக்கிறது. டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் கெடுபிடியில் தௌலதாபாத் அமீர்கள் (அதிகாரிகள்) கலகம் செய்து கோட்டையைப் பிடித்தார்கள். முதலில் அரசராக்கியது இஸ்மாயில் முக் என்பவரை. குஜராத்தில் தகி என்பவர் கலகம் கிளப்பியதும், கோட்டையை முற்றுகையிட்டிருந்த துக்ளக் அதைத் தளபதிகளிடம் விட்டுப் போனார். ஜாஃபர் கான் பட்டத்தோடு இருந்த ஹசன், துக்ளக்கின் தளபதி சர்தீஸை வென்று கொன்றார். இஸ்மாயில் ஒதுங்க, 1347 ஆகஸ்ட் 3இல் அலாவுதீன் பாமன் ஷாவாக முடிசூடினார். இஸ்மாயிலைத் தாண்டிவிட்டு எழுதும் கைடுகள்தான் அதிகம். இதில் அவருக்கே அரைப் பக்கம்.

சொதப்பல் அடுத்த பக்கத்தில். கங்கு என்ற பிராமணரிடம் ஹசன் வேலை பார்த்த கதையை அப்படியே உண்மை என்று போட்டிருக்கிறார்கள். அது பெரிஷ்தா என்ற வரலாற்றாசிரியர் பிற்காலத்தில் எழுதியது. ஹசன் காலத்திலேயே வரலாறு எழுதிய இசாமியிடம் கிடையாது. கூற்று–காரணம் கேள்வியில் மார்க் போவது இங்கேதான். தலைநகர் பீதர் என்பதும் தப்பு. ஹசனுக்குக் குல்பர்கா, பீதருக்கு மாற்றியது பின்னால் வந்த பாமினி சுல்தான் அகமது ஷா. குல்பர்கா, தௌலதாபாத், பீரார், பீதர் என நான்கு தரஃப் (மாகாண) பிரிவு மட்டும் அட்டவணையில் தெளிவு.

வரைபடம் ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ், கிருஷ்ணா எது துங்கபத்ரா எது என்றே தெரியாது. கடையிலேயே பிரித்து, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.