பட்டறை மேசை: வேம்பா, இரும்பா, பனையா?

யாழ்ப்பாணத்தில் வீட்டோடு சிறு பட்டறை வைத்து மரவேலை செய்பவர்கள் உறுதியான மேசை ஒன்றுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகளைத்தான் யோசிப்பார்கள். பொக்ஸ் பாரில், அதாவது உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாயில், வெல்டிங் செய்த சட்டமும் மேலே பிளைவூட்டும் ஒன்று. முழுவதும் வேப்பமரம் இன்னொன்று. மூன்றாவது, பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் பனை வளைகளும் (கூரை தாங்கும் மரங்கள்) சலாகைகளும் (மெல்லிய கூரைச் சட்டங்கள்). நான் வேம்பில் செய்துகொண்டேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

பனையை முதலில் முடித்துவிடலாம். கூரையில் தலைமுறை தாண்டி நிற்கும் மரம், பலத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் வைரம், அதாவது முற்றிய கெட்டி மரம், வெளிப்புறத்தில்தான்; உள்ளே சோறு, மென்மையான நார்ப்பகுதி. அதனால் தடித்த, அகலமான பலகை கிடைக்காது. சீவினால் நார் பிரிந்து சிராய் கையில் ஏறும். நிற்கிற பனையைத் தறிக்க அனுமதியும் எடுக்கவேண்டும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கென்று அத்தனை பனைகள் போனபிறகு, ஒரு மேசைக்காக இன்னொன்றைத் தறிக்க எனக்கு மனமில்லை. பழைய வளை கிடைத்தால் கீழ்த்தட்டுக்குப் போடலாம், மேற்பலகைக்கு வேண்டாம்.

இரும்பின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வேலை சீக்கிரம் முடியும், கறையான் தொடாது, கால்கள் மெல்லியவை என்பதால் கீழே சாமான் வைக்க இடம் மிஞ்சும். செலவும் பெரும்பாலும் குறைவு.

பாரத்தில் வேம்பு வெல்கிறது. 6 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குலத் தடிப்பு என்றால் மேற்பலகைக்கு 3 கன அடி மரம் போகும். காய்ந்த வேம்பில் அது மட்டுமே ஏறத்தாழ 60 கிலோ. கால்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தால் 100 கிலோவைத் தொடும். 2 அங்குல பொக்ஸ் பார், 2 மில்லிமீற்றர் தடிப்பில், அடிக்கு ஒரு கிலோ கூட வராது. 40 அடி செலவழித்தாலும் சட்டம் 40 கிலோவுக்குள்தான். சீவுளியை அழுத்தித் தள்ளும்போது பாரம் குறைந்த மேசை நம்மோடு சேர்ந்து நகரும்.

ஆனால் பாரத்தைக் கூட்ட வழி உண்டு, கீழ்த்தட்டில் கல்லை அடுக்கினாலும் போதும். என்னை வேம்பின் பக்கம் கொண்டுவந்தது பராமரிப்பு. மேசை கெட்டுப்போனால் அதை யார் திருத்துவது, எதைக்கொண்டு திருத்துவது?

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாரியில் மரம் ஈரம் குடித்து ஊதும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து சுருங்கும். நீளவாக்கில் ஒன்றும் ஆகாது, அகலவாக்கில்தான் இந்த விளையாட்டு. 2 அடி அகலப் பலகையில் கால் அங்குலம் வரைகூட வித்தியாசம் வரலாம். இதைத் தெரிந்து செய்தால் பயமில்லை. பலகையின் முன்விளிம்பை இறுக்கிப் பூட்டி, பின்விளிம்பில் போல்ட் போகும் துளையை நீளமாகக் குடைந்துவிட்டால், பலகை வெடிக்காமல் தன்பாட்டில் போய்வரும். இரு பக்கத்துக் கால் சோடிகளையும் கழுந்து வைத்து (ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறுக்கி) பசை போட்டு நிரந்தரமாகப் பொருத்தலாம். அவற்றை இணைக்கும் நீளச் சட்டங்களுக்கு மட்டும் பசை வேண்டாம், அரை அங்குல போல்ட் போதும். சீவும் வேகம் முழுவதும் அந்த நீளவாக்கில்தான் இறங்குகிறது, மேசை ஆடத் தொடங்குவதும் அங்கேதான். காய்ந்த காலத்தில் கால் மரம் சுருங்கி போல்ட் தளர்ந்தால், ஸ்பானரை எடுத்து அரைச் சுற்று இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும். மேற்பலகை வளைந்தாலும், உளி பட்டுக் காயமானாலும், அதே சீவுளியால் சீவி மட்டம் பார்த்துக்கொள்ளலாம். 3 அங்குலம் இருக்கும்போது சீவுவதற்கு எவ்வளவு இருக்கிறது!

இரும்பில் நிலைமை வேறு. வெல்டிங் சூட்டில் சட்டம் முறுகினால் நான்கு கால்களும் ஒன்றாகத் தரையில் படியாது. துரு தொடங்குவது வெல்டிங் பட்ட இடத்திலும், தரை கழுவும் தண்ணீர் படும் பாதத்திலும். குருநகர், பருத்தித்துறை போன்ற கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று அதை இன்னும் விரைவாக்கும். வெளியே தெரிகிற துருவைச் சுரண்டி பெயின்ற் அடிக்கலாம், குழாய்க்குள் பிடித்த துருவை என்ன செய்வது? சட்டம் முறுகினாலும் ஒட்டு விட்டாலும் மேசையைத் தூக்கிக்கொண்டு மறுபடி வெல்டிங் கடைக்குத்தான் போகவேண்டும்.

வேம்பிலும் சிக்கல் உண்டு. நார் பின்னிப் பின்னி ஓடுவதால் சீவும்போது பிய்யும், அலகு நன்றாகத் தீட்டியிருக்கவேண்டும். கசப்பு மரம்தானே என்று கறையானை மறந்துவிடக் கூடாது, வைரம் ஏறாத வெள்ளையை அது தின்னும். சுவரோடு ஒட்டாமல் வைத்து, கால்களுக்குக் கீழே கல் கொடுத்தால் மண் ஏறுவது உடனே கண்ணில் படும். மரக்காலையில் வாங்கும் மரம் ஈரமாக இருந்தால் 3 அங்குலத் துண்டு காய வருடக்கணக்கில் ஆகும். ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுப்பித்து, இடையில் சலாகை வைத்து நிழலில் அடுக்கிக் காயவைத்து, பிறகு விளிம்பில் நிறுத்தி ஒன்றோடொன்று ஒட்டுவதே நல்லது. என் மேசை இன்னும் பல மாரிகளைக் காணவில்லை, ஆகையால் இருபது வருடக் கணக்கை நான் சொல்ல முடியாது.

மோட்டார் திருத்துபவர், கிரைண்டர் பிடிப்பவர், வெல்டிங் செய்பவர் என்றால் யோசிக்காமல் இரும்புக்குப் போகலாம், தீப்பொறி பறக்கும் இடத்தில் மரத்துக்கு வேலையில்லை. அப்படிச் செய்விக்கும்போது குழாயின் திறந்த முனைகள் எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லுங்கள், பாதத்தில் மட்டம் பார்க்கும் போல்ட் நான்கு வைக்கச் சொல்லுங்கள், வெல்டிங் பட்ட இடங்களை உரஞ்சித் துரு தடுக்கும் அடிப்பூச்சு அடித்த பிறகே நிறப் பெயின்றைத் தொடவிடுங்கள்.