எச்சரிக்கை: அறுந்த வயருக்குக் கியர் பெட்டியை மாற்றி 185,000 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஓட்டோ கியர் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் இன்னும் அடங்கவில்லை. 185,000 ரூபாய். தேவையே இல்லாத ஒரு கியர் பெட்டிக்கு!

கராஜின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். பெரிய பெயர்ப்பலகை, குளிரூட்டிய காத்திருப்பு அறை, கணினியில் பழுது கண்டுபிடிக்கிறோம் என்ற விளம்பரம். அந்த ரகம்.

கல்லடிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது வேகமுள் திடீரென்று பூச்சியத்தில் விழுந்தது. கார் ஓடுகிறது, முள் ஓடவில்லை. கூடவே ஒரு குலுக்கல். அதன்பின் கியர் மாறவே இல்லை, ஒரே கியரில் இழுத்துக்கொண்டு போனது. எஞ்சின் விளக்கும் எரிந்தது.

கராஜில் ஸ்கேனரைச் செருகினார்கள். பி0720 என்ற பழுது இலக்கம் வந்தது. அதைக் கைபேசியில் படம் எடுத்தேன். இன்று என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். முதலாளி கியர் எண்ணெய்க் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். செக்கச்செவேல் என்று இருந்தது, கருகல் வாடை துளியும் இல்லை. "எண்ணெய் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணன், ஆனால் உள்ளே கிளச் பிளேட் எல்லாம் தேய்ந்துவிட்டது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் நீங்கள், நடுவழியில் நின்றால் என்ன செய்வீர்கள்?" என்றார். பிள்ளைகளை இழுத்ததும் நான் தலையாட்டிவிட்டேன். தேநீர் வரவழைத்தார். ஊர், உறவெல்லாம் விசாரித்தார். "நீங்கள் நம்முடைய ஆள், உங்களிடம் இலாபம் பார்ப்பேனா?" என்றும் கேட்டார். அந்த வார்த்தைக்குத்தான் 185,000 ரூபாய்.

ஜப்பானிலிருந்து இறக்கியது என்று ஒரு பெட்டியைப் பூட்டினார்கள். களுவாஞ்சிக்குடி போய்ச் சேர்வதற்குள் முள் மறுபடி விழுந்தது. அதே குலுக்கல், அதே விளக்கு.

அழைத்தேன். "புதுப் பெட்டி பழக வேண்டும் அண்ணன், கொஞ்சம் ஓட்டுங்கள்." பிறகு, "கணினி பழுது, அது வேறு செலவு." பிறகு முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார், எப்போது அழைத்தாலும் கொழும்பில்தான் இருக்கிறார். நேரில் போனால் அவருடைய வாகனம் வாசலில் நிற்கிறது, வேலைப்பையன் என் முகத்தைப் பாராமலே "முதலாளி இல்லை" என்கிறான். என் பழைய பெட்டியையாவது தாருங்கள் என்றேன். பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்களாம். நல்ல பெட்டி! அது இப்போது யாருடைய காரில் ஓடுகிறதோ.

கடைசியில் கல்முனைப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். படத்தைப் பார்த்ததுமே, "தம்பி, வயரைப் பார்க்காமல் பெட்டியை ஏன் கழற்றினார்கள்?" என்றார். கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று ஒரு சென்சர் கணினிக்குச் சொல்கிறது. பி0720 அந்தச் சென்சரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் காட்டுகிறது, பெட்டி போய்விட்டது என்று அல்ல. அந்தத் தகவல் நின்றால் கணினி பாதுகாப்புக்காக ஒரே கியரில் நிறுத்திவிடும். பல கார்களில் வேகமுள்ளும் அதே சென்சரை நம்பித்தான் ஆடுகிறது. பிளேட் தேய்ந்திருந்தால் எஞ்சின் இரையும், வண்டி அதற்கேற்ப நகராது. முள் பூச்சியத்தில் விழாது.

முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரைப் பார்த்தபடியே வயர்க்கட்டை விரலால் அசைத்தார். திரையில் 30 சொச்சமாக நின்ற வேகம் பூச்சியமானது. விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. கனெக்டரைக் கழற்றினார்: உள்ளே பச்சைக் களிம்பு, பக்கத்தில் வயர் தோலுக்குள்ளேயே அறுந்து இரண்டு இழையில் தொங்குகிறது. நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு இதெல்லாம் சாதாரணமாம். பெட்டியோடு சென்சர் மாறும், காரில் இருக்கிற வயர் மாறுமா? கூலியோடு 3,500 ரூபாய் வாங்கினார். வேலை முடிந்தது.

ஆலோசனை விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனம் ஓடவில்லை. ஸ்கேனர் காட்டும் இலக்கத்தைப் படம் எடுங்கள். வயர், கனெக்டர், சென்சர் மூன்றையும் உங்கள் கண்முன் சோதிக்காமல் பெட்டியில் கைவைக்க விடாதீர்கள். கழற்றிய சாமானைக் கையோடு வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கப்போகிறேன். முக்கியமாக, ஒழுங்கான பற்றுச்சீட்டு வாங்குங்கள். 185,000 ரூபாய்க்கு எனக்குத் தந்தது "கியர் வேலை" என்று பேனாவால் கிறுக்கிய ஒரு துண்டுக் காகிதம், அதில் கடையின் முத்திரைகூட இல்லை.