பத்தாயிரம் வாட் ஸ்பீக்கர், 221 கிராம் மைக்: பொதுப் பணத்தில் நான் ஏமாந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பாதித் தப்பு என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் போட்ட பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சவுண்ட் செட் வாங்கலாம் என்று யாராவது போனைத் தடவிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆர்டர் போடட்டும்.

எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் கூடும். கச்சேரி என்று சொன்னால் கொஞ்சம் ஓவர். ஒருத்தர் கிட்டார் வாசிப்பார், ஓர் அக்கா புல்லாங்குழல், இரண்டாவது மாடிப் பையன் கீபோர்டு. மற்றவர்கள் பாடுவார்கள், பாட வராதவர்கள் தாளம் போடுவார்கள், தாளமும் வராதவர்கள் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். நான் ரொம்ப நாள் நாற்காலிக் கோஷ்டிதான். பக்கத்துக் கதவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் மூன்று வருடம் ஓட்டியவன் நான், லிஃப்டில் யாராவது ஏறினால் போனில் ஏதோ முக்கியமாகப் படிப்பது போல நடிப்பேன். இந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் வந்த பிறகு லிஃப்ட் மேலே போய்ச் சேர்ந்தாலும் பேச்சு முடிவதில்லை.

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகியது. பின்னால் உட்கார்ந்தவர்களுக்குக் கிட்டார் மட்டும்தான் கேட்கிறது, புல்லாங்குழல் கேட்கவே இல்லை என்று புகார். சரி, ஒரு ஸ்பீக்கரும் நல்ல மைக்கும் வாங்கிவிடலாம், ஆண்டு விழாவுக்கும் ஆகும் என்று பதினான்கு வீட்டில் பணம் போட்டார்கள். "நீங்கதான் நெட்ல எல்லாம் நல்லா தேடுவீங்களே" என்று என் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெருமை தலைக்கு ஏறியதுதான் ஆரம்பம்.

ஸ்பீக்கரை ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் வாங்கினேன். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் பத்தாயிரம் வாட் என்று போட்டிருந்தது, பக்கத்தில் எறும்பு சைஸில் பிஎம்பிஓ என்று நான்கு எழுத்து. அதை யார் படித்தார்கள்? மைக்குக்கு ஷூர் கம்பெனியின் எஸ்எம்58 என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். 1966-இல் வந்த மாடல், மேடையில் பாடுகிறவர்கள் பலர் இன்றைக்கும் கையில் பிடித்திருப்பது அதுதான். அதே தளத்தில் வேறொரு விற்பனையாளர் அதைப் பாதி விலைக்குப் போட்டிருந்தார். கேள்வி கேட்கப் போன என்னிடம், தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் இன்னும் குறைத்துத் தருகிறேன் என்றார். அனுப்பினேன். பொதுப் பணத்தில் மிச்சம் பிடித்துக் காட்டலாம் என்ற ஆசை.

விழாவுக்கு மூன்று வாரம் முன்பே இரண்டும் வந்துவிட்டன. குழந்தைகள் நோண்டிவிடக் கூடாது என்று பெட்டியைப் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்தேன். இதைத்தான் பாதித் தப்பு என்றேன். திருப்பி அனுப்பக் கொடுத்திருந்த அவகாசம் பத்து நாள். நான் பெட்டியைத் திறந்தது இருபதாவது நாள், விழாவுக்கு முந்தின ராத்திரி.

போட்டுப் பார்த்தால் சத்தம் வருகிறது, ஆனால் பத்தாயிரம் வாட் மாதிரி இல்லை, பழைய டேப் ரிக்கார்டரைக் குடத்துக்குள் வைத்த மாதிரி வருகிறது. கொஞ்சம் கூட்டினால் பாஸ் எல்லாம் டப டப என்று கிழிகிறது. மைக்கை எடுத்து அக்கா புல்லாங்குழல் பக்கம் கொண்டுபோனதும் 'கீ' என்று ஒரு கூவல், கீழே படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது.

கீழ்த்தளத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். அவர் ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. சார்ஜரைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். "அவுட்புட் பன்னெண்டு வோல்ட், மூணு ஆம்பியர். பெருக்கு தம்பி."

"முப்பத்தாறு."

"அவ்வளவுதான் உள்ள போகுது. பத்தாயிரம் எங்கேருந்து வெளிய வரும்?"

உள்ளே பேட்டரி இருக்கிறதே, கொஞ்ச நேரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்காதா என்று நானும் விடாமல் கேட்டேன். கொடுக்கும், ஆனால் அது ஐம்பது அறுபது ஆகலாம், பத்தாயிரம் ஆகாது என்றார். பின்பக்கம் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டினார். உள்ளே காந்தத்தின் முதுகில் ஒட்டிய தாளில் 4 ஓம், 20 வாட் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பொய் எல்லாம் வெளிப்பெட்டியில், உண்மை உள்ளே. பிஎம்பிஓ என்பதை எப்படி அளப்பது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட முறை ஏதும் இல்லையாம், ஒரு நொடியில் துளி நேரம் எகிறக்கூடிய உச்சம் என்று சொல்லிக்கொண்டு ஆளாளுக்கு வாய்க்கு வந்த எண்ணைப் போடலாம். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பது. அதுவும்கூட நாம் நினைப்பது போல இல்லை. வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கினால் ஊரே அதிரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான்.

அடுத்து மைக். பெட்டியில் எஸ்எம்58-எல்சி என்று இருந்தது. எல்சி என்றால் கூடவே கேபிள் வராது என்று அர்த்தம். அந்த மாடலில் ஆன், ஆஃப் ஸ்விட்ச் கிடையாது, ஸ்விட்ச் வைத்தது வேண்டுமென்றால் அது எஸ்எம்58எஸ், தனி மாடல். என் கையில் இருந்ததில் ஜம்மென்று ஒரு ஸ்விட்ச். புல்லாங்குழல் அக்கா சமையலறைத் தராசைக் கொண்டுவந்தார். அசல் மைக்கின் எடை 298 கிராம் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. எங்களுடையது 221. அந்த மைக் ரகத்தின் விசேஷமே முன்னால் பாடுகிறவர் குரலை வாங்கி, பின்பக்கத்து ஓசையைத் தள்ளிவிடுவதுதான், அதனால்தான் மேடையில் பக்கத்திலேயே ஸ்பீக்கர் இருந்தும் எளிதில் கூவாது. எங்களுடையது எட்டுத் திக்கிலிருந்தும் வாங்கியது, ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தத்தையும் சேர்த்து. கூவாமல் என்ன செய்யும்?

மறுநாள் காலையில் கஸ்டமர் கேர். இங்கேதான் உண்மையான கதை.

மொழிக்கு ஒன்று, ஆர்டருக்கு இரண்டு, மற்றவற்றுக்கு ஒன்பது. ஒன்பதை அழுத்தினால் மறுபடி மொழியிலிருந்து ஆரம்பிக்கும். எப்படியோ ஒரு வழி கண்டுபிடித்து உள்ளே போனால் காத்திருப்பு இசை. ஒரே துண்டு, நாற்பது நொடி இருக்கும், முடிகிற இடத்தில் ஒரு வெட்டு, வெட்டில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்", மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் நாற்பத்தேழு நிமிடம் கேட்டேன். இசைதானே, ஏன் இவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். பழைய போன் இணைப்பில் குரலுக்கென்று விட்ட இடமே 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதானாம், பாஸும் போச்சு, மேலே மினுக்கமும் போச்சு. செல்போனில் இன்னொரு தொல்லை, மனிதப் பேச்சைச் சுருக்கி அனுப்பத்தான் அதில் வழி செய்திருக்கிறார்கள், வயலின் வந்தால் அதையும் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துக் கடித்துத் துப்பிவிடுகிறது. இந்தக் காத்திருப்பு இசைக்குக் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லெவி என்ற தொழிற்சாலை முதலாளி. எங்கேயோ ஒரு வயர் கட்டடத்தின் இரும்பு உத்தரத்தில் உரச, பக்கத்து வானொலி நிலையத்தின் பாட்டு போனில் காத்திருந்தவர்கள் காதில் விழுந்ததாம், அதைப் பார்த்து வந்த யோசனை. 1962-இல் விண்ணப்பித்து 1966-இல் காப்புரிமை வாங்கினார். என்னை வதைத்த இரண்டும், அந்த மைக்கும் இந்த இசையும், ஒரே வருடத்துச் சரக்கு.

ஆள் கிடைத்தாலும் பயன் இல்லை. "உங்கள் சிரமம் புரிகிறது சார்" என்று ஒரு தம்பி சொன்னார், பாவம், அவரை நான் திட்டவில்லை, அவர் முன்னால் இருக்கிற திரையில் என்ன வருகிறதோ அதைத்தான் படிக்க முடியும். புகார் எண் கொடுத்தார். இரண்டு நாளில் மெசேஜ் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது. என்ன தீர்ந்தது என்று கேட்டால், "சத்தம் வருகிறதல்லவா, பொருள் சரியாக வேலை செய்வதாகத் தொழில்நுட்பக் குழு சொல்கிறது" என்றார்கள். மறுபடி புகார், மறுபடி புது எண், மறுபடி புது ஆள், முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும். நான்கு தடவை மூடினார்கள். சாட்டில் போனால் ஒரு இயந்திரம் பேசியது, 'போலிப் பொருள்' என்று அடித்தால் "உங்களுக்குப் பிடிக்கக்கூடிய பிற பொருட்கள்" என்று அதே போலி மைக்கைக் காட்டியது. மைக் விஷயத்தில் அவர்கள் சொன்னதாவது நேரடியாக இருந்தது: தளத்துக்கு வெளியே பணம் கொடுத்தீர்கள், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை. விற்பனையாளர் அதற்குள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்.

கோபத்தில் அடுத்த முட்டாள்தனம் செய்தேன். நெட்டில் அந்தத் தளத்தின் பெயரைப் போட்டு, கஸ்டமர் கேர் நம்பர் என்று தேடினேன். ஒரு நம்பர் கிடைத்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்! அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ரொம்ப மரியாதை, ரொம்ப அக்கறை, முழுப் பணமும் இன்றைக்கே வந்துவிடும் சார், ஒரு சின்ன செயலியை மட்டும் போனில் ஏற்றிவிட்டு அதில் வருகிற எண்ணைச் சொல்லுங்கள் என்றார். ஏற்றிக்கொண்டிருந்தபோது வங்கியில் வேலை பார்த்த மூன்றாவது மாடி அக்கா எதிரே வந்தார். என்ன செய்கிறேன் என்று கேட்டவர், போனைப் பிடுங்கி அணைத்தே விட்டார். அந்தச் செயலி நம் திரையை அவர்கள் கைக்குக் கொடுக்கிற செயலி, அப்புறம் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணக்கைத் துடைத்துவிடுவார்கள். "பணம் வாங்குறதுக்கு யாராவது பின் நம்பர் போடச் சொன்னாலும் ஓடிப்போயிடு. பணம் அனுப்பத்தான் பின் வேணும்" என்று திட்டினார். நம்பர் வேண்டுமென்றால் நாம் ஆர்டர் போட்ட செயலிக்குள்ளேயே பார்க்க வேண்டும், அல்லது ரசீதில்.

வழி காட்டியதும் அந்த அக்காதான். ஸ்பீக்கருக்கு நான் கார்டில் பணம் கட்டியிருந்தேன். கார்டு என்றால் வங்கியிடம் போய், வாங்கியது சொன்னபடி இல்லை என்று முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், சார்ஜ்பேக் என்கிறார்கள். அதற்கு நாள் கணக்கு உண்டு, கஸ்டமர் கேர் இன்று நாளை என்று இழுக்கிறதை நம்பி உட்கார்ந்தால் அந்தக் கணக்கும் தாண்டிவிடும். பெட்டி, சார்ஜர், காந்தத்து ஒட்டுத்தாள் எல்லாவற்றுக்கும் போட்டோ, நான்கு புகார் எண், மூடிய மெசேஜ்கள், சாட்டின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். வாயால் பேசியது ஒன்றும் செல்லவில்லை, எழுத்தில் இருந்ததுதான் நின்றது. நான் பேசிய மணிக்கணக்கெல்லாம் வீண், இயந்திரத்தோடு சாட் செய்த பத்து நிமிடம்தான் உதவியது. ஏழு வாரம் கழித்து ஸ்பீக்கர் பணம் வந்தது. மைக் பணம் வரவில்லை, வராது. நேரடியாக அனுப்பிய பணத்துக்கு அந்த வசதி இல்லை.

பதினான்கு வீட்டிலும் போய்ச் சொன்னேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மைக் பணத்தை என் கையிலிருந்து போட்டுவிடுகிறேன் என்றேன், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள், ஒருவர் வாங்கிக்கொண்டார், அவர் வாங்கிக்கொண்டது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது.

விழா? ஸ்பீக்கர் இல்லாமலேயே நடந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் நாற்காலி வரிசையைக் கலைத்து வட்டமாகப் போடச் சொன்னார், புல்லாங்குழல் நடுவில், கிட்டார் ஓரத்தில் சுவரைப் பார்த்து. குழந்தைகள் அமைதியாக இருந்த அந்த ஐந்து நிமிடத்தில் அக்கா வாசித்தது கடைசி நாற்காலி வரை கேட்டது, மூச்சு எடுக்கிற ஓசை உட்பட. இப்போது அண்ணனே கடைக்கு நேரில் போய், எங்கள் கிட்டாரைச் செருகிப் பார்த்து, ஒரு பழைய ஸ்பீக்கர் வாங்கிவந்திருக்கிறார், பெட்டியில் 60 வாட் ஆர்எம்எஸ் என்று அடக்கமாகப் போட்டிருக்கிறது, அறைக்குத் தாராளம்.

கீபோர்டு பையன் மட்டும் நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் காத்திருந்ததைக் கேட்டுக் கேட்டு அந்த இசைத் துண்டை அப்படியே பழகிவிட்டான், கடைசியில் வருகிற வெட்டு உட்பட. ஞாயிற்றுக்கிழமை யாராவது தாமதமாக வந்தாலோ கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாலோ அதை வாசிக்க ஆரம்பிப்பான். வெட்டு வருகிற இடத்தில் மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்துத் திரும்பி, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரே குரலில் சொல்லும். நான் எழுந்து காற்றில் ஒன்பதை அழுத்துவேன்.