பழைய தேக்கா, புது இரும்பா? வாசக்கதவு மாற்றப் போகிறவர்களுக்கு

இரண்டு வருஷத்துக்கு முன் வைகாசியில் எங்கள் வீட்டு முகப்பைச் சீர்செய்தோம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் திண்ணை வைத்த ஓட்டு வீடு. தாத்தா காலத்துத் தேக்கு இரட்டைக் கதவு, அது சுழலும் முனையான குடுமி தேய்ந்து தொங்கிப்போனதால் தூக்கித்தான் சாத்த வேண்டும். கதவைத் தாங்கும் சட்டமான நிலையின் அடியில் ஒரு முழம் கரையான் தின்றிருந்தது. வீட்டில் மூன்று கட்சி. மகனுக்கு இரும்புக் கதவு. மனைவிக்குப் புதுத் தேக்கில் கஜலட்சுமி செதுக்கிய ஒற்றைக் கதவு. எனக்குப் பழையதையே சரிபண்ண ஆசை. கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது. அதனால் என் பக்கம் தராசு கொஞ்சம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

பூட்டு விஷயத்தில் இரும்புதான் உசத்தி. சாவியை ஒரு திருகு திருகினால் நாலு பக்கமும் தாழ் இறங்குகிறது. கரையானுக்கும் அங்கே வேலை இல்லை. நிலையோடு சேர்ந்தே வருவதால் ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். புதுத் தேக்கு என்றால் கன அடிக் கணக்கில் மரம், அப்புறம் ஆசாரி கூலி, செதுக்குக் கூலி, பாலிஷ். மூன்றில் அதிகம் செலவு வைப்பது அதுதான். அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது, அதில் நான் தலையிடவில்லை.

ஆனால் இந்தப் பக்கத்து மண்ணை மறந்துவிட்டுக் கதவு வாங்கக் கூடாது. எங்களுடையது களிமண். கோடையில் வயலில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி மழை இறங்கியதும் ஊறிப் பருத்து வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். வீடு நிற்பதும் அதே மண்ணின் மேல்தான். ஆழமாகக் கடைக்கால் எடுக்காத பழைய வீடுகளில் வருஷா வருஷம் சுவர் நூலளவு ஏறும், நூலளவு இறங்கும். சுவர் அசைந்தால் நிலையும் கோணும். நிலை கோணினால் முதலில் வம்பு பண்ணுவது கதவு.

மரக் கதவு என்றால் உரசுகிற இடத்தில் இழைப்புளி போட்டால் தீர்ந்தது. கீலைக் கழற்றிக் கீழே ஒரு தகடு கொடுத்துத் தூக்கலாம், நாதாங்கியைக் கால் அங்குலம் நகர்த்தி அடிக்கலாம். இதற்கு ஊரிலேயே ஆசாரி இருக்கிறார். இரும்புக் கதவை இழைக்க முடியாது. நிலை கொஞ்சம் சாய்ந்தாலும் அந்த நாலு பக்கத் தாழும் தன் ஓட்டையில் இறங்காது. நாகப்பட்டினத்தில் மைத்துனர் வீட்டில் இதுதான் நடந்தது. இரண்டாவது மழையில் பூட்டு மக்கர் பண்ணியது. விற்ற கடைக்குப் போன் போட்டால் ஆள் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை கொல்லைப்புற வழியாகவே போக்குவரத்து. கடற்கரைக் காற்று வேறு. சைக்கிள் உரசிப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் துரு பிடித்து, இப்போது அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. நல்ல ஆழமான அஸ்திவாரம் போட்ட புது வீட்டில், கடலைவிட்டுத் தள்ளி இருந்தால் இந்தத் தொல்லை வராமலும் இருக்கலாம். நான் கிட்ட இருந்து பார்த்தது அந்த ஒரே கதவைத்தான். இரும்பை முழுக்க ஒதுக்க அது போதாது.

புதுத் தேக்கு வாங்குவதாக இருந்தால் வைரம் என்கிற கெட்டியான உள்மரம் எவ்வளவு, வெள்ளை என்கிற வெளிமரம் எவ்வளவு என்று பாருங்கள். கரையான் வைரத்தைச் சுலபத்தில் தொடாது, வெளிப்புற வெள்ளையைத்தான் தின்னும். இளமரத்தில் வெள்ளை அதிகம். பாலிஷ் போட்ட பிறகு எது எதுவென்று கடைக்காரருக்கே தெரியாது. ஆகவே அறுத்த பலகையாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். சரியாகக் காயாத மரம் என்றால் முதல் பங்குனி வெயிலிலேயே முறுக்கிக்கொள்ளும். எங்கள் பழைய கதவோ எழுபது எண்பது வருஷமாகக் காய்ந்த மரம். இனிமேல் அது முறுக்க என்ன இருக்கிறது?

நாங்கள் செய்த வேலை இவ்வளவுதான். பெயிண்டைச் சுரண்டினோம். மேலே பச்சை, அதற்குள் நீலம், அதற்கும் அடியில் மறுபடி பச்சை. சுரண்டவே நாலு நாள். குடுமியை எடுத்துவிட்டுக் கனமான பித்தளைக் கீல் போட்டோம். நிலையில் அரித்த பாகத்தை அறுத்து, இடித்த வீட்டிலிருந்து வந்த வைரம் பாய்ந்த துண்டை ஒட்டி, அதைக் கருங்கல்லின் மேல் உட்கார வைத்தோம். மரம் மண்ணைத் தொடாமல் இருப்பதுதான் முக்கியம். கரையான் மண்புற்று கட்டி ஏறினாலும் கல்லின் மேல் கண்ணுக்குத் தெரிந்துவிடும், பார்த்த அன்றே துடைத்துவிடலாம். கதவின் அடிவிளிம்பும் மேல்விளிம்பும் நம் பார்வைக்கு வராது. தண்ணீரைக் குடிப்பது அந்த அறுப்பு முனைகள்தான். அங்கே இரண்டு கை கூடுதலாக வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. எங்கள் வாசல் கிழக்கு பார்த்தது, வடகிழக்குப் பருவமழையின் சாரல் நேராகக் கதவில் அடிக்கும். அதனால் திண்ணைக்கு மேலே ஓட்டுச் சார்ப்பை இரண்டரை அடி நீட்டினோம். கதவுக்குச் செய்த எல்லாவற்றையும்விட இதுதான் அதிகம் பலன் கொடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. எந்தக் கதவு போட்டாலும் முதலில் சார்ப்பைப் பாருங்கள்.

மனைவிக்கு இப்போது கஜலட்சுமி பற்றிய வருத்தம் இல்லை. நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கலாம், மாவிலைத் தோரணத்துக்கு ஆணி அடிக்கலாம். மைத்துனர் வீட்டில் பொங்கலுக்குத் தோரணத்தை டேப் வைத்து ஒட்டியிருந்தார்கள், மத்தியானத்துக்குள் விழுந்துவிட்டது. மகன் மட்டும் இன்னும் பூட்டைப் பற்றிக் குறை சொல்கிறான். அதில் நியாயம் இருக்கிறது, நாதாங்கியோடு ஒரு நவீனப் பூட்டும் பொருத்தினோம்.

இரண்டு மழை பார்த்தாகிவிட்டது. போன கார்த்திகையில் வலதுபக்கக் கதவு மேலே லேசாகப் பிடித்தது. ஆசாரியைக் கூப்பிட்டால், “மழையில இழைச்சா பங்குனியில இடைவெளி விட்டுப்போகும். உரசுற இடத்துல பென்சிலால கோடு போட்டு வைங்க, தையில வர்றேன்” என்றார். தையில் வந்து, கோடு வரைக்கும் இழைத்து, ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்.