ரோட்ஸா, வலெட்டாவா?

மத்தியதரைக்கடல் தீவு ஒன்றில், பழைய கோட்டை நகரத்துக்குள்ளேயே தங்கி ஒரு வாரம் சுற்ற வேண்டும் என்றால் என் பட்டியலில் இரண்டு ஊர்கள்தான் மிஞ்சுகின்றன: கிரீஸின் ரோட்ஸ், மால்டாவின் வலெட்டா. இரண்டின் மதில்களும் புனித யோவான் சபை என்ற கிறிஸ்தவத் துறவிப் படை வீரர்களின் வேலை. ரோட்ஸை 200 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தவர்கள், 1522இல் ஒட்டோமன் சுல்தான் சுலைமானிடம் அதை இழந்தார்கள். 1530இல் மால்டா கைக்கு வந்தது. 1565இல் அதே சுலைமானின் படை அங்கேயும் வந்து முற்றுகையிட்டது. இந்த முறை தாக்குப்பிடித்தார்கள். மறு வருடமே சபைத் தலைவர் வலெட் தன் பெயரில் புது நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

அதனால் வலெட்டா திட்டம் போட்டுக் கட்டிய ஊர். அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேர்த் தெருக்கள். எந்தத் தெருமுனையில் நின்றாலும் கடல் தெரியும். ரோட்ஸ் அப்படியில்லை. அது பழைய ஊரின் மேல் ஊராக வளர்ந்தது. கூழாங்கல் பதித்த சந்து ஒன்றில் திரும்பினால் சுலைமான் பெயரில் பள்ளிவாசல், இன்னும் கொஞ்சம் நடந்தால் 1577இல் கட்டிய யூத ஆலயம். அந்த ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்த யூதர்களை 1944இல் நாஜிகள் மொத்தமாக நாடுகடத்தினார்கள். அந்தப் பகுதியில் நடக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

எது அதிக 'அசல்' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ரோட்ஸின் அடையாளமாக எல்லாப் படங்களிலும் வரும் சபைத் தலைவர் அரண்மனை, 1856இல் வெடிமருந்து வெடித்துப் பெருமளவு சிதைந்துபோனது. இப்போது நிற்பதில் பெரும்பகுதி, தீவு இத்தாலியர் வசம் இருந்தபோது 1930களின் கடைசியில் எழுப்பியது. உள்ளே தரையிலுள்ள பழைய மொசைக் ஓவியங்களில் பல கோஸ் தீவிலிருந்து பெயர்த்து வந்தவை. வலெட்டாவில் 1942இல் குண்டுவீச்சில் இடிந்த ஓபரா அரங்கை அப்படி மீட்டுக் கட்டவில்லை. மிச்சமிருந்த தூண்களை வைத்தே கட்டிடக் கலைஞர் ரென்சோ பியானோ திறந்தவெளி அரங்கம் அமைத்தார். ஊர்க்காரர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அரண்மனையைவிட இதுதான் நேர்மையாகப் படுகிறது.

கலைக்காகப் போகிறவர்களுக்கு யோசனையே வேண்டாம், வலெட்டாதான். புனித யோவான் பேராலயம் வெளியே பார்த்தால் சாதாரணக் கல் கட்டிடம். உள்ளே போனால் சுவரெல்லாம் பொன்பூச்சு, தரையெல்லாம் வீரர்களின் பளிங்குக் கல்லறைகள். கூர்முனைக் குதிகால் செருப்போடு உள்ளே விடமாட்டார்கள். அங்கே இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலை துண்டிக்கப்படும் ஓவியம் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே படம் இது. வழியும் ரத்தத்தில்தான் பெயரை எழுதியிருக்கிறார். அதே வருடம் மால்டா சிறையிலிருந்து தப்பி, சிசிலியின் சிரக்கூசாவுக்கு ஓடிப்போனார். நாள் கையில் இருந்தால் நீங்களும் படகேறி அந்தப் பக்கம் போய்வரலாம்.

கடலில் இறங்கிக் குளிக்க வேண்டுமா? அப்படியானால் ரோட்ஸ். மதிலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தாலே எல்லி கடற்கரை. வலெட்டாவைச் சுற்றிப் பாறையும் துறைமுகமும்தான்; மணல் வேண்டுமென்றால் பஸ் பிடித்துத் தீவின் வடக்கே போக வேண்டும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் இரண்டுமே சோதனைதான். வலெட்டாவில் ஏற்றமும் படிக்கட்டும், ரோட்ஸில் கூழாங்கல். வலெட்டாவில் துறைமுகத்திலிருந்து மேல் பராக்கா தோட்டத்துக்கு லிஃப்ட் இருப்பது சின்ன ஆறுதல். ஆங்கிலம் ஆட்சிமொழி, பஸ் வசதி, நம்மைப் போல இடப்பக்கம் ஓடும் வண்டிகள் என்று முதல்முறை போகிறவர்களுக்கு மால்டா சுலபம். சைவக்காரர்களுக்கு ரோட்ஸ் பரவாயில்லை. கிரேக்க விரத நாள் சமையலில் பீன்ஸ், கத்தரி, கீரை எல்லாம் தாராளம். மால்டாவில் பட்டாணி வைத்த பஸ்திட்ஸி என்ற பஃப் பலகாரம் கிடைக்கும், ஆனால் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இத்தனைக்கும் மேல் முடிவைத் தீர்மானிப்பது மாதம்தான். நவம்பர் முதல் மார்ச் வரை ரோட்ஸில் பல விடுதிகளும் கடைகளும் மூடிக்கிடக்கும். வலெட்டா தலைநகரம் என்பதால் வருடம் முழுக்க இயங்கும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் இரண்டும் வேண்டாம் என்பேன். 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பரவி, ஆயிரக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. மே மாதமோ செப்டம்பர் கடைசியோ கிடைத்தால் நான் ரோட்ஸுக்குத்தான் டிக்கெட் போடுவேன். பகலில் சொகுசுக் கப்பல்களில் வந்திறங்கும் பயணிகள் கூட்டம் சந்துகளை அடைத்துக்கொள்ளும். மாலையில் அது கரைந்தபின், கட்டணமில்லாத அகழிப் பாதையில் மதிலைச் சுற்றி நடக்கலாம்.

இரண்டுக்கும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதும். ஆனால் ரோட்ஸிலிருந்து துருக்கியின் மர்மாரிஸுக்கு ஒரு நாள் படகுப் பயணம் ஆசையாக இருந்தால், பலமுறை நுழையும் விசா கேளுங்கள். ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்பி ரோட்ஸுக்குள் வர முடியாது. துருக்கிக்கும் தனி விசா வேண்டும். வலெட்டா என்று முடிவானால் முதல் வேலை, பக்கத்து ஊர் பாவ்லாவில் பூமிக்கடியில் 5,000 ஆண்டுக்கு மேல் பழமையான ஹைப்போஜியம் என்ற கல்லறைக்கு நுழைவுச்சீட்டு பதிவு செய்வது. ஒரு சுற்றுக்குப் பத்து பேரைத்தான் விடுகிறார்கள், வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும்.