காரைக்குடி முகவர் வழியாகக் கொச்சியில் யாட் வாடகை: காகிதங்களைப் படித்து ஒரு மதிப்பீடு

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு பயண முகவர், கொச்சியில் ஒரு நாள் முழுக்கத் தனியார் யாட் (சொகுசு உல்லாசப் படகு) வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிறார். வயது நிறைவுச் சாந்தி, மணிவிழா முடிந்த கையோடு, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கலையும் முன் எங்காவது சேர்ந்து போய்வர நினைக்கும் குடும்பங்களுக்கான சேவை இது. எர்ணாகுளம்–வேளாங்கண்ணி விரைவு ரயில் காரைக்குடி வழியாகவே ஓடுவதால் போக்குவரத்துக்கும் சிரமம் இல்லை. படகு அழகானது, சாப்பாடு சுமாருக்கு மேல், கேபினில் ஏசி குளிர்கிறது. இவற்றை இதோடு விட்டுவிடலாம். கேப்டன் "முடியாது" என்று சொன்னால் அந்தச் சொல்லை ஒப்பந்தம் காப்பாற்றுகிறதா, அல்லது பணம் கட்டியவர் குரலை உயர்த்தினால் அவர் பணிந்துதான் ஆக வேண்டுமா என்பதில்தான் இந்தச் சேவையின் தரம் இருக்கிறது.

பாராட்ட வேண்டியதை முதலில் சொல்லிவிடுவோம். முன்பணம் வாங்கும் முன்பே பதிவுச் சான்று, படகைச் சோதித்துத் தரும் சர்வே சான்று, காப்பீட்டுப் பாலிசி, மாஸ்டரின் (கேப்டனின்) தகுதிச் சான்று ஆகிய நான்கின் நகலையும் முகவர் தானாகவே கொடுத்துவிடுகிறார். 1917-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் இந்த நான்கையும் கேட்கிறது. ஆனால் நகல் கையில் இருந்தால் மட்டும் போதாது, படிக்கத் தெரிய வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்வே சான்றில் காலாவதி தேதி, அனுமதித்த பயணிகள் எண்ணிக்கை, எந்த நீர்மண்டலத்தில் ஓடலாம் ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். பாலிசியில் படகின் சேதத்துக்கு மட்டும் காப்பீடா, பயணிகளின் உயிருக்கும் காயத்துக்கும் உண்டா என்று பாருங்கள். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டினால், விபத்து நடந்த அன்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். இந்த முகவர் காட்டும் பாலிசி வணிக உபயோகத்துக்கானது, பயணிகளையும் சேர்த்தது.

குறை தகுதிச் சான்றில் தொடங்குகிறது. சான்று ஒருவருடையது, ஒப்பந்தத்தில் கேப்டன் பெயர் எழுதும் இடம் காலி. அன்று காலை ஜெட்டிக்கு வேறு ஒருவர் வந்து நின்றால் கேட்பதற்குக் காகிதத்தில் பிடிமானம் இல்லை. பெயரையும் சான்று எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ஆள் மாறினால் இணையான தகுதிச் சான்று உள்ளவர்தான் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேரளத்துப் படகுகளில் படகைச் செலுத்தும் ஸ்ராங்கு, இன்ஜின் டிரைவர், தளப் பணியாளரான லஸ்கர் என்று வேலை பிரிந்திருக்கிறது. இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் டிரைவரின் சான்றை வைத்துக்கொண்டு சுக்கானைப் பிடிக்க முடியாது.

இதைவிடப் பெரிய குறை ஒப்பந்தத்தின் தலைப்பில் இருக்கிறது. "பேர்போட் சார்ட்டர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். கேப்டனுக்கான கட்டணத்துக்குத் தனியாக இன்னொரு சீட்டு. இரண்டிலும் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். பேர்போட் என்றால் ஆளில்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுப்பது. அந்த நேரத்துக்குப் படகின் கட்டுப்பாடு வாடகைக்கு எடுத்தவர் கைக்குப் போகிறது. அவர் அமர்த்தும் கேப்டன் அவருடைய ஊழியர் ஆகிறார். கேப்டன் தவறினால், படகு இன்னொன்றின் மேல் மோதினால், பொறுப்பு முதலில் கையெழுத்துப் போட்ட செட்டியார் வீட்டு வாசலுக்குத்தான் வரும். டிரைவரோடு வேன் பிடிப்பதற்கும் சாவியை மட்டும் வாங்கி ஓட்டுவதற்கும் உள்ள அதே வித்தியாசம். ஆளோடு எடுக்கும் வாடகையில் கேப்டன் உரிமையாளரின் ஊழியர். படகு கடற்தகுதியோடு இருக்க வேண்டிய கடமையும் உரிமையாளருடையது. நடைமுறையில் இந்தச் சேவை ஆளோடு வரும் வாடகைதான். படகும் கேப்டனும் ஒரே இடத்திலிருந்து வருகிறார்கள், வேறு கேப்டனைக் கூட்டிவர உங்களுக்கு உரிமையும் கிடையாது. அப்படியிருக்கக் காகிதத்தில் மட்டும் பேர்போட் என்று போடுவது பொறுப்பைத் தள்ளிவிடும் வேலை. தலைப்பை மாற்றி, "கேப்டனும் பணியாளர்களும் படகு உரிமையாளரின் ஊழியர்கள்" என்று ஒரே ஒப்பந்தமாக எழுதித் தராதவரை கையெழுத்து வேண்டாம்.

அடுத்து, விளம்பரத் தாளில் இருக்கும் "கடலுக்குள் சூரிய அஸ்தமனம்". உள்நாட்டு நீர்வழிகளை அலை உயரத்தை வைத்து மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் மண்டலத்தில் 0.6 மீட்டர் வரை, இரண்டாவதில் 1.2 மீட்டர் வரை, முதலாவதில் 2 மீட்டர் வரை அலை எழலாம். ஒரு படகின் அடிக்கட்டு, பக்க உயரம், உயிர்காப்புக் கருவிகள் எல்லாம் அதற்குரிய மண்டலத்தை மனதில் வைத்தே சர்வே ஆகின்றன. காயலுக்கு (உப்பங்கழிக்கு) என்று சான்று வாங்கிய படகு ஃபோர்ட் கொச்சியின் சீனவலைகளைத் தாண்டி, காயல் கடலோடு சேரும் அழிமுகத்துக்கு வெளியே போனால் அது சான்றின் எல்லையைத் தாண்டுகிறது, காப்பீடும் கேள்விக்குள்ளாகிறது. மேலே நீலவானம் தெளிவாக இருந்தாலும் அழிமுகத்தில் இறங்கும் நீரோட்டமும் எதிர்த்து வரும் அலையும் மோதும் இடத்தில் அலை திடீரென்று செங்குத்தாக எழும். சர்வே சான்றில் உள்ள எல்லைக்கும் விளம்பரத்தில் உள்ள பாதைக்கும் பொருத்தம் இல்லை என்றால் சான்றை நம்புங்கள். கேப்டன் அழிமுகத்தோடு திரும்பினால் அவர் சரியாக நடந்துகொள்கிறார். "காசு கொடுத்திருக்கோம்ல" என்று மாப்பிள்ளைமார் யாரும் அவரிடம் வழக்காட வேண்டாம்.

நேரமும் முக்கியம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர் உயிரிழந்த படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக்கொண்டு போனது. சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணம் என்றாலே கடைசிப் பகுதி இருட்டில்தான். ஜெட்டிக்குத் திரும்பும் நேரத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஆள் கணக்கில்தான் நம் பக்கத்து வீடுகள் தடுக்கி விழும் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. கோயில் வரிக்குப் புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பக் கணக்கு; படகுக்குத் தலைக்கணக்கு. பன்னிரண்டு பேர் என்று சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் அயித்தையும் அவர் பேரனும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்துகொள்வது வழக்கம். உலக அளவில் யாட் வாடகையில் பன்னிரண்டு என்ற எண் அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்படி பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பல் ஆகிறது, விதிகள் மொத்தமாகக் கடுமையாகின்றன. அதே உடன்படிக்கை ஒரு வயது நிறையாத குழந்தையைப் பயணியாக எண்ணுவதில்லை. அதற்காகக் குழந்தையை மறைத்துவிடக் கூடாது, அதற்கும் உயிர்காப்புச் சட்டை வேண்டும். 15 கிலோவுக்குக் கீழ் ஓர் அளவு, 15 முதல் 43 கிலோ வரை ஓர் அளவு, அதற்கு மேல் பெரியவர்களுக்கானது. பெரியவர் சட்டையைச் சிறு பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் சட்டை மேலே போகும், பிள்ளை அதிலிருந்து நழுவி இறங்கிவிடும். இந்தப் படகில் பெரியவர் சட்டைகள் நல்ல நிலையில் இருக்கின்றன. சிறுவர் அளவு போதவில்லை. பிள்ளைகளின் எடையை ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்பி, அந்தந்த அளவு இருக்கிறதா என்று உறுதி வாங்குங்கள்.

கூட்டம் சரியாக இருந்தாலும் அது எங்கே நிற்கிறது என்பது கேப்டனின் கவலை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டார்கள். மேல்தளத்தில் ஆள் கூடக்கூடப் படகின் எடை மையம் உயரும். ஒரு பக்கம் சாய்ந்த பிறகு நிமிர வலு இருக்காது. குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேல்தளத்தின் ஓரத்தில் நிற்கும்போது கேப்டன் கத்தினால் கோபிக்காதீர்கள்.

கேப்டனின் அதிகாரம் பற்றிய பகுதிக்கு வருவோம். கடலில் செல்லும் கப்பலுக்கு இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவை என்று கேப்டன் தன் தொழில் அறிவால் எடுக்கும் முடிவை உரிமையாளரோ, வாடகைக்கு எடுத்தவரோ, நிறுவனமோ தடுக்கக் கூடாது என்கிறது சோலாஸ் ஐந்தாம் அத்தியாயம். மோதல் தவிர்ப்புக்கான 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளும் கவனக்குறைவின் விளைவிலிருந்து உரிமையாளர், கேப்டன், பணியாளர் யாரையும் விடுவிப்பதில்லை. அந்த விதிகளில் ஒன்பதாவது கொச்சிக்கு மிகவும் பொருந்தும்: குறுகிய கால்வாயை விட்டு விலக முடியாத பெரிய கப்பலுக்கு, 20 மீட்டருக்குக் குறைந்த படகு குறுக்கே நிற்கக் கூடாது. வல்லார்பாடம் முனையத்துக்கு வரும் கன்டெய்னர் கப்பலைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கப்பலால் நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

முகவரின் ஒப்பந்தத்திலோ "வாடகைதாரர் விரும்பும் பாதையில் படகு செலுத்தப்படும்" என்று மட்டும் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேப்டன் மறுத்தால் ஒப்பந்தத்தை மீறியவர் அவர் ஆகிவிடுகிறார். பயத்தில் மறுக்காமல் விட்டுவிடுவார். "நியாயமான விருப்பங்களைக் கேப்டன் நிறைவேற்றுவார், வானிலை, பாதுகாப்பு, சட்டம் குறித்து அவர் முடிவே இறுதி" என்று திருத்தச் சொல்லுங்கள். பணம் கட்டுபவருக்கு எதிரான வரி போலத் தோன்றும், உண்மையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கான வரி.

வீட்டு விசேஷம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஹோமம், குத்துவிளக்கு, கற்பூரம் எதையும் படகில் வைத்துக்கொள்ள வேண்டாம். சடங்கைக் கரையில் முடித்துவிட்டு ஏறுங்கள். சமையல்காரரோடு சொந்தக் காஸ் சிலிண்டரை ஏற்றுவதும் கூடாது. காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியே வெளியேறலாம், படகில் அடித்தளத்தில் போய்த் தேங்கி நிற்கும். அங்கே பம்பின் சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும். பலகாரத்தை அடுக்கில் கொண்டுபோங்கள், எண்ணெய் மட்டும் டெக்கில் சிந்த வேண்டாம். டிரோனும் கூடாது, கொச்சி தெற்குக் கடற்படைத் தலைமையகம் உள்ள ஊர்.

படகில் ஏறும் இடம் பற்றி ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் மூட்டுவலியுள்ள ஆச்சிக்கும் ஐயாவுக்கும் முழுப் பயணத்திலும் ஆபத்தான இடம் அதுதான். கைப்பிடியுள்ள ஏணிப்பலகை உண்டா என்று கேளுங்கள். ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வானிலையால் பயணம் ரத்தானால் பணம் திரும்பாது, ஓராண்டுக்குள் வேறு தேதி மட்டும் என்பது முகவரின் நிபந்தனை. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்து கூடிய குடும்பத்துக்கு அந்த வேறு தேதியால் என்ன பயன்? கேப்டன் ரத்து செய்தால் முழுத் தொகை, பாதியில் திரும்பினால் மீதி நேரத்துக்குரிய தொகை என்று கேளுங்கள். இன்ஜின் கோளாறுக்கும் இதே விதி வேண்டும். மழைக்குப் பிறகு காயலில் ஆகாயத்தாமரை அடர்ந்து புரொப்பெல்லரிலும் குளிர்நீர்க் குழாயிலும் சிக்குவது அங்கே சாதாரணம், அதை "இயற்கைச் சீற்றம்" என்று எழுதித் தப்பிக்க விடக் கூடாது.

கொச்சி எதற்கு, நம் பக்கத்துக் கடற்கரை ஊரான தொண்டியில் ஒரு படகு பிடித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அங்குள்ள மீன்பிடிப் படகுகள் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மீன்பிடிக்கப் பதிவானவை. பயணிகளை ஏற்ற அல்ல. படகோட்டுபவர் எவ்வளவு திறமையான ஸ்ராங்காக இருந்தாலும், விபத்து என்றால் அவருக்கும் பாதுகாப்பில்லை, உங்களுக்கும் இல்லை. அந்த ஏற்பாட்டை இந்த முகவர் செய்து தருவதில்லை. அது அவருக்கு நல்ல மதிப்பெண்.

ஒப்பந்தத்தின் கடைசி வரியில் வழக்குகள் எர்ணாகுளத்தில் மட்டுமே என்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. சேவைக் குறைபாடு என்றால் காரைக்குடிக்காரர் சிவகங்கை மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு ரசீது வேண்டும். இப்போது முகவர் தருவது "பயணச் சேவை" என்று ஒற்றை வரி எழுதிய ரசீது. படகின் பதிவு எண், தேதி, கேப்டன் பெயர், கட்டிய தொகை நான்கும் அதில் வரும்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.