லைட்சேபர் வாங்கினேன், சூப்பர்மேனைத்தான் வெட்ட முடியவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முப்பத்தேழு வயது ஆள் தனக்காக வாங்கிய பொம்மை. அக்கா மகனுக்கு என்றுதான் வீட்டில் சொன்னேன், யாரும் நம்பவில்லை, அக்கா மகன் உட்பட.

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளி வாளான லைட்சேபரின் பொம்மையில் இரண்டு ரகம் உண்டு. பொம்மைக் கடையில் தொங்கும், உதறினால் நீளும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று. இன்னொன்று 'டூயலிங் சேபர்' என்று ஆன்லைனில் விற்கிறார்களே அது: அலுமினியக் கைப்பிடி, ஒரு அங்குலம் குறுக்களவுள்ள பாலிகார்பனேட் பிளேடு, நிஜமாகவே ஒன்றோடொன்று மோதலாம். நான் வாங்கியது இரண்டாவது. 7,800 ரூபாய். விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏன் என்று கீழே புரியும்.

கைப்பிடியைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. 1977-இல் வந்த முதல் படத்துக்காக ராஜர் கிறிஸ்டியன் என்ற செட் அலங்காரக்காரர் பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃப்ளாஷ் பிடியை ஒரு கடையில் கண்டுபிடித்து, அதில் ரப்பர் பட்டைகளை ஒட்டி படத்தின் நாயகன் லூக்கின் ஆயுதமாக்கினார். என்னுடையது அந்தப் பிடியின் நகல்தான். கையில் வைத்தால் நல்ல கனம், பட்டைகள் விரலில் பிடிமானமாக உட்காருகின்றன, வியர்த்த கையிலும் வழுக்கவில்லை.

சத்தம்தான் என்னைக் கவிழ்த்தது. படத்துக்கு ஒலி அமைத்த பென் பர்ட், ஒரு பழைய புரொஜெக்டர் மோட்டாரின் உறுமலையும், டிவி பிக்சர் டியூப் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோனபோது விழுந்த இரைச்சலையும் கலந்துதான் அந்த 'ம்ம்ம்' ஒலியைச் செய்தார். வாளை வீசும் ஒலிக்கு அந்த உறுமலை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதன் முன்னால் இன்னொரு மைக்கை ஆட்டியிருக்கிறார். இந்தப் பொம்மையில் மைக்கை ஆட்ட ஆள் இல்லை, உள்ளே இருக்கும் அசைவு சென்சார் நம் கை வேகத்தைப் பார்த்து இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றிக் கலக்கிறது. மெதுவாக அசைத்தால் மெதுவாக உறுமுகிறது, சட்டென்று வெட்டினால் சீறுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், மானம் போனாலும் பரவாயில்லை என்று தோன்றும்.

சரி, குறைகளுக்கு வருவோம். பிளேடு பல நிறங்களில் எரிய வேண்டும், முதலில் வந்த பீஸில் நீலம் எரியவில்லை. மாற்றித் தருவதற்குப் பன்னிரண்டு நாள், ஏழு போன், "சார் செக் பண்ணிட்டு சொல்றோம்" எத்தனை முறை என்று எண்ணவில்லை. மாற்றி வந்ததில் எல்லா நிறமும் எரிகிறது, ஆனால் மோதல் சென்சாருக்கு நரம்புத் தளர்ச்சி, மேஜையில் மெதுவாக வைத்தாலே 'டங்' என்று கத்துகிறது. பிளேடைப் பிடித்திருக்கும் ஸ்குரு பாசிப்பயறு அளவுதான், அதற்கான அலன் கீ இரண்டாம் நாளே சோபாவுக்குள் போய்விட்டது. எல்லாவற்றையும்விட, பேட்டரி. மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். வெள்ளை நிறத்தில், முழுச் சத்தத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான் வருகிறது. வெள்ளைக்கு சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எல்இடியும் சேர்ந்து எரிய வேண்டும் என்பதால் அதுதான் அதிகம் குடிக்கும். பச்சை மட்டும் வைத்தால் கொஞ்சம் கூட வரும்.

இவ்வளவோடு விமர்சனம் முடிந்திருக்கும், மொட்டை மாடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்காமல் இருந்தால்.

அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான், சூப்பர்மேன் வெறியன். என் கையில் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "மாமா, சூரியனுக்குள்ளயே போய்ட்டு வர்றவரு அவரு. இந்த ட்யூப் லைட் அவரை என்ன பண்ணும்?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கூட இருந்த நண்பன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுப்பவன், அந்த 'ட்யூப் லைட்'டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "டேய், ட்யூப் லைட்டைக் கேவலமா பேசாத. அதுக்குள்ள ஓடுற எலக்ட்ரானோட வெப்பநிலை சூரியனோட மேற்பரப்பை விட அதிகம்."

உண்மைதான். சூரிய மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி, ட்யூப் லைட்டுக்குள் எலக்ட்ரான்கள் 10,000 டிகிரியைத் தாண்டும். ஆனாலும் கண்ணாடியைத் தொட்டால் வெதுவெதுப்புதான், ஏனென்றால் உள்ளே இருக்கும் வாயு அவ்வளவு மெலிது. வெப்பநிலை வேறு, கைக்கு வந்து சேரும் வெப்பத்தின் அளவு வேறு. ஆகவே "சூரியனுக்குள் போனவர்" என்பதும் பதில் இல்லை, லைட்சேபர் "பிளாஸ்மா வாள்" (பிளாஸ்மா என்றால் ட்யூப் லைட்டுக்குள் இருப்பது போன்ற மின்னூட்டமுள்ள வாயு) என்பதும் பதில் இல்லை, ஒரு நொடிக்கு ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு சக்தி இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

சேபர் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகிலேயே கணக்கு. 1999-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஒரு ஜெடாய், அதாவது லைட்சேபர் ஏந்தும் வீரர், கனமான இரும்புக் கதவுக்குள் வாளைச் சொருகி உருக்குவாரே, அதுதான் சாட்சி. ஒரு கிலோ எஃகை அறை வெப்பநிலையிலிருந்து உருக்க ஏறக்குறைய 12.5 லட்சம் ஜூல் வேண்டும். பத்து நொடியில் பத்து கிலோ உருகியது என்று வைத்துக்கொண்டோம் (எங்கள் ஊகம்தான், யாரும் தராசு கொண்டுபோகவில்லை). நொடிக்கு 12.5 லட்சம் ஜூல் ஆகிறது. டேப்பை எடுத்து என் பிளேடை அளந்தால் 2.5 செ.மீ. குறுக்களவு. கதவுக்குள் 30 செ.மீ. போயிருந்தால், சதுர மீட்டருக்கு 5.3 கோடி வாட் வருகிறது. சூரியனின் மேற்பரப்பு வெளிவிடுவது சதுர மீட்டருக்கு சுமார் 6.3 கோடி வாட்.

கிட்டத்தட்ட சமம்! மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையன்தான் முதலில் குதித்தான், சூரியனையே தாங்குகிறவருக்கு இது வெயிலில் நிற்பது மாதிரி, அதிலும் அவர் பலமே நம் மஞ்சள் சூரியனின் ஒளியிலிருந்துதானே, வெட்டினால் தெம்புதான் ஏறும் என்று.

நான் விடவில்லை. எந்த சூப்பர்மேன்? 1938-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்தவருக்குப் பறக்கவே தெரியாது, எட்டில் ஒரு மைல் தாண்டுவார், அதாவது 200 மீட்டர், வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவர் தோலைத் துளைக்காது என்று போட்டிருப்பார்கள். பீரங்கிக் குண்டு துளைக்கும் என்றுதானே அதற்கு அர்த்தம்? கதவை உருக்கும் வாள் அவரைச் சும்மா விடுமா? அதற்குப் பின் வந்தவர்கள் அவர் பலத்தை ஏற்றிக்கொண்டே போய், 1986-இல் காமிக்ஸ் படைப்பாளி ஜான் பைர்ன் கையில் ஒருமுறை குறைத்தும் பார்த்தார்கள். இந்த ரசிகர்கள் சண்டைக்கு வரும்போது மட்டும் எல்லாக் காலத்துப் பலத்தையும் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

நண்பனுக்கு வேறு கவலை. சூரியனைப் போலச் சுடுகிற ஒன்றைக் கையில் பிடித்திருப்பவனின் புருவம் ஏன் கருகவில்லை? அப்படியானால் வெப்பம் வெளியே கசியாமல் ஏதோ ஒன்று பூட்டி வைத்திருக்கிறது. பூமியில் அதற்குக் காந்தப்புலம்தான் வழி. தெற்கு பிரான்ஸில் கட்டும் ஐட்டர் இணைவு உலை பிளாஸ்மாவை 15 கோடி டிகிரியில் பிடித்து வைக்கவேண்டும், அதற்கான இயந்திரத்தின் எடை மட்டும் 23,000 டன். இங்கே அதே வேலையை ஒரு ஃப்ளாஷ் பிடி செய்கிறது. "அதனாலதான் சொல்றேன் மச்சான், இது சயின்ஸ் இல்ல, மந்திரம்" என்றான்.

மந்திரம் என்றதும் எனக்கு வழி கிடைத்தது. சூப்பர்மேனுக்கு மந்திரத்திடம் தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது, அது காமிக்ஸ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். லைட்சேபருக்குள் இருக்கும் கைபர் கல்லோ, ஜெடாய்கள் பயன்படுத்தும் மாயசக்தியான ஃபோர்ஸோடு தொடர்புள்ளது. ஃபோர்ஸ் மந்திரம் என்றால் ஆட்டம் முடிந்தது. "இது போங்கு மாமா" என்றான் பையன். போங்குதான், ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு பொத்தானை அமுக்கி பிளேடைச் சிவப்பாக்கினேன். சூப்பர்மேன் பிறந்த கிரகமான கிரிப்டானின் சூரியன் சிவப்பு, அந்த ஒளியில் அவர் பலம் போய்விடும் அல்லவா. பையன் நிஜமாகவே தயங்கினான், முகத்தில் சிவப்பு வெளிச்சத்தோடு அப்படியே நின்றான். கெடுத்தது நண்பன்: சிவப்பு எல்இடி தருவது 620, 630 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு, அந்தச் சிவப்பு நம் சூரிய ஒளியிலேயே தாராளமாக இருக்கிறது, அதுவே அவரைச் சாய்க்கும் என்றால் அவர் தினமும் காலையில் மயங்கி விழ வேண்டும். இவனை எல்லாம் மாடிக்குக் கூப்பிட்டிருக்கவே கூடாது.

வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஐந்துக்கு மூன்றரை. குழாய் முழுக்க எல்இடி பட்டை ஓடும் பிக்சல் மாடல் பார்க்க இன்னும் அழகு, ஆனால் ஓங்கி மோதினால் பட்டை போய்விடும், சண்டை போடுபவர்கள் கைப்பிடியில் மட்டும் எல்இடி உள்ளதையே எடுங்கள், குழாய் 3 மி.மீ. தடிமன் கேட்டு வாங்குங்கள். வந்த அன்றே எல்லா நிறத்தையும் போட்டுப் பார்த்து வீடியோ எடுத்து வையுங்கள். அலன் கீயைச் சாவிக்கொத்தில் மாட்டுங்கள்.

பேட்டரிக் கணக்கும் பெட்டியின் ஓரத்தில் இருக்கிறது: உள்ளே இருக்கும் ஒரு செல் முழுச் சார்ஜில் சுமார் 35,000 ஜூல், அந்தக் கதவை உருக்க இது மாதிரி முந்நூற்றைம்பதுக்கும் மேல் வேண்டும். இதை நண்பன் எழுதிக்கொண்டிருந்தபோதே பிளேடு இரண்டு தரம் மினுங்கிவிட்டு அணைந்துபோனது. பையன் கைதட்டினான்.

"மாமா, சூப்பர்மேன் ஒண்ணுமே பண்ண வேணாம். ஒன்னேகால் மணி நேரம் சும்மா நின்னா போதும்."